எதுக்கும் ஒரு ஊசி

போன வாரம் சுபா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பச்சிளங்குழந்தை வார்டில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் செவிலி அவள். என் நாற்காலி என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அதில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. படத்தில் இருந்தது புது மருந்துச் சீட்டு. எந்த ஆன்டிபயாடிக் ஊசி எழுதினாலும் இனி பக்கத்தில் காரணம் எழுத வேண்டுமாம். எப்போது நிறுத்துவது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். காரணக் கட்டத்தின் தலையில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. சுபா அதைப் பேனாவால் அடித்துவிட்டு, தன் கோழிக் கிறுக்கலில் ‘எதுக்கு?’ என்று எழுதியிருந்தாள்.

கீழே ஒரு செய்தி. “டாக்டரம்மா கேள்வி கட்டமாவே வந்துட்டு சிஸ்டர். அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. புதுசா வந்திருக்கவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்.”

எழுதித் தருகிறேன் சுபா. ஆனால் நான் இதில் நல்லபடியாக வருவேன் என்று நீ நினைத்திருந்தால், வாசிக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்.

நான் புஷ்பம், மேலகரத்துக்காரி. பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தேன். திட்டு வாங்கினேன், அழுதேன், தேறினேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. தென்காசியில் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை வார்டில் சேர்ந்து, அங்கேயே நரைத்து, அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இதில் வரும் தப்பு அந்தக் கட்டடத்தினுடையது இல்லை, என்னுடையது.

வார்டில் எனக்கு ‘நரம்பு சிஸ்டர்’ என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிள்ளையின் புறங்கையில் நரம்பைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் அந்தக் கைமேல் வைத்திருக்க வேண்டும். பிறகு மணிக்கட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வளைத்துப் பிடித்து, உள்ளங்கைப் பக்கம் சின்ன டார்ச்சை வைத்தால், சிவந்த வெளிச்சத்துக்குள் நூல் மாதிரி ஒரு கருங்கோடு தெரியும். ஊசியைக் கிட்டத்தட்ட படுக்கப் போட்டு அந்தக் கோட்டுக்குள் நுழைத்து, ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். மற்றவர்கள் மூன்று தடவை குத்தும் இடத்தில் நான் ஒரே தடவையில் முடிப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அதனால் ஊசி போடும் வேலை வந்தால் நான் ஒருநாளும் பின்வாங்கியதில்லை.

வேலைக்கும் பஞ்சமில்லை. அப்போதெல்லாம் வார்டுக்குள் ஒரு பிள்ளை வந்தால் மூன்று காரியம் நடக்கும். எடை போடுவோம், கையில் பெயர்ப்பட்டை கட்டுவோம், ஊசி போடுவோம். எடை குறைவா, ஊசி. மூச்சு கொஞ்சம் வேகமா, ஊசி. பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை, தாத்தாக்காரர் வராந்தாவில் நின்று பயப்படுகிறாரா, அதற்கும் ஊசி. எதற்கும் இருக்கட்டும் என்று போடுவதால் எங்களுக்குள் அந்த ஊசிக்கு ‘எதுக்கும்’ என்றே பெயர் வைத்திருந்தோம். “ஏழாவது பிள்ளைக்கு எதுக்கும் போட்டாச்சா?” என்று ஒருத்தி கேட்பாள். “போட்டாச்சு, பால்தான் பாக்கி” என்று இன்னொருத்தி சொல்வாள். வெளியே சொந்தக்காரர்கள் தங்கள் பங்குக்கு, “நல்ல பவரான ஊசியா பாத்துப் போடுங்க சிஸ்டர்” என்பார்கள். அவர்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

அப்படி இருந்த வார்டுக்குத்தான் டாக்டர் மைமூன் வந்து சேர்ந்தார். கடையநல்லூர்ப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதுவே எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது, ஏனென்றால் சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும்.

காலையில் வந்ததும் விரல் மோதிரத்தைக் கழற்றி, ஓர் ஊக்கில் கோத்து, கோட்டின் உள்பக்கம் குத்திக்கொள்வார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, குழாயடியில் நிற்பார். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் அடி, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். அவர் பின்னால் நாங்கள் கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி வரிசையில் நிற்போம். அது முடிந்ததும் ஒரு முக்காலியை முதல் பிள்ளையின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளையைத் தொடமாட்டார், சீட்டைப் புரட்டமாட்டார். வெறுமனே பார்ப்பார். முதல் நாள் அவர் தூங்கிவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நேத்து மாதிரி இவன் இடது காலை உதைக்கல சிஸ்டர், கவனிச்சியளா?” என்றார். நான் கவனித்திருக்கவில்லை. தறியில் அறுந்த இழையைத் தேடும் வீட்டில் வளர்ந்த கண் அது.

மூன்றாவது பிள்ளையிடம் வந்தபோது அதன் கையில் குத்தியிருந்த ஊசியைக் காட்டி, “இது எதுக்கு?” என்றார்.

“எதுக்கும் ஆரம்பிச்சு வச்சிருக்கோம் டாக்டர்.”

“எதுக்கு?”

“இல்ல டாக்டர், எதுக்கும் இருக்கட்டும்னு…”

“அந்த ‘ம்’மை எடுத்துட்டுச் சொல்லுங்க சிஸ்டர்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தம்மாவா வராந்தாவில் போய்ப் பதில் சொல்லும் என்று மனசுக்குள் பொருமினேன்.

ஊசியே கூடாது என்றவர் இல்லை அவர். சந்தேகம் என்றால் அவரே முதலில் ஆரம்பிப்பார். ஆனால் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் அனுப்பியாக வேண்டும். ரத்தத்தில் கிருமி இருந்தால் அந்தப் பாட்டிலில் வளரும். இரண்டு நாள் பொறுத்து லேபில் கேட்பார். ஒன்றும் வளரவில்லை, பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றால் சீட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. ஊசி அதோடு நின்றது. “பிள்ளை வயித்துல நல்ல கிருமியும் குடியிருக்கும் சிஸ்டர். நம்ம ஊசி எல்லாத்தையும் சேத்துக் காலி பண்ணிருது. காலியான வீட்டுல யாரு வந்து உக்காருவா? எந்த ஊசிக்கும் சாகாத போக்கிரிதான் வந்து உக்காருவான்.” இதை அவர் எனக்கு மட்டும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

ஊசி குறைந்தது, பிள்ளைகள் எப்போதும் போல எடை கூடி வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படியானால் இத்தனை வருஷம் நான் குத்திய குத்தெல்லாம் எதுக்கு என்று ஒரு வருத்தம்தான் வந்தது. நாளாக ஆக அவர் சொன்னதைக் கையால் செய்யப் பழகிவிட்டேன். மனசு மட்டும் பழைய வார்டிலேயே இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட சமயம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்க்கும் இசக்கிமுத்துவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மாதம் முழுசாகத் தங்காத பிள்ளை. தாய் பேச்சிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, ஜன்னி கண்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் அங்கே, பிள்ளை இங்கே. சீசனில் வேலைக்குப் போக வேண்டிய மனுஷன் சீசனை விட்டுவிட்டு இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் கிடந்தான்.

பிறந்தவுடன் பிள்ளைக்கு ஊசி ஆரம்பித்தோம். பனிக்குடம் முன்பே உடைந்திருந்ததால் அதற்குக் காரணம் இருந்தது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. மூன்றாம் நாள் சிவப்புக் கோடு விழுந்தது. நாலாம் நாள் டாக்டர் மைமூன் இசக்கியை உள்ளே கூப்பிட்டு, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். தாய் இல்லாவிட்டால் தகப்பன் சூடும் சூடுதான் என்றார்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினான். “என்னால முடியாது டாக்டர். ஊரான் உடம்பையெல்லாம் பிடிச்சு விடுதேன். இதைத் தொடப் பயமா இருக்கு. வழுக்கிருவேன்.”

“வழுக்க மாட்டிய. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க” என்றார் டாக்டர்.

அவன் மூன்று தடவை குளித்துவிட்டு வந்தான். அப்படியும் மூலிகை எண்ணெய் வாசம் போகவில்லை. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையைத் திறந்து, பிள்ளையை அவன் நெஞ்சில் செங்குத்தாக வைத்தேன். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடித்து, துணியால் சுற்றிக் கட்டினேன். அவன் கையை எடுத்துப் பிள்ளையின் முதுகில் நான்தான் வைத்தேன். பெரிய கை, ஆனால் எண்ணெயில் ஊறி ஊறி உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சும் அவன் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்தன. “சிஸ்டர், தூங்கிட்டா” என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

போகும்போது ஒரு சின்னக் குப்பியை நீட்டினான். “செக்குல ஆட்டின தேங்கா எண்ணெய் சிஸ்டர். எதுவும் கலக்கல. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். நீங்க பிள்ளைக்குத் தொட்டு விடுங்க.”

எடை இன்னும் கொஞ்சம் கூடட்டும், அதுவரை எண்ணெய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷன் கொண்டுவந்த ஒரே பொருள் அது. ஆறாம் நாள் டாக்டர் விடுப்பில் இருந்தார். மத்தியானம் பிள்ளையைத் துடைத்தபோது, குப்பியைத் திறந்து நெஞ்சிலும் வயிற்றிலும் காலிலும் மெல்லத் தடவிவிட்டேன். பிள்ளை பளபளவென்று இருந்தது. பார்க்க ஆசையாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயில் பால் கொடுக்கப் போனால், முந்தின பால் வயிற்றில் அப்படியே நிற்கிறது. பிள்ளை துவண்டு கிடக்கிறது. புறங்கையால் காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிற்றைத் தொட்டேன், அதுவும் அப்படியே. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன், சூடு குறைவு. சூடு தரும் வார்மர் மெஷினோ பிள்ளையின் சூடு சரியாக இருக்கிறது என்று காட்டியது. மெஷின் சரி, பிள்ளை மட்டும் குளிர்கிறது என்றால் கிருமிதான் என்று என் புத்தி ஓடியது.

பணியில் இருந்த டாக்டர் ஊருக்குப் புதியவர். என்ன செய்யலாம் சிஸ்டர் என்று என்னைத்தான் கேட்டார்.

“எதுக்கும் பெரிய ஊசியாவே ஆரம்பிச்சிருவோம் சார்.”

“கல்ச்சர்?”

“நரம்பே கிடைக்காம குளிர்ந்து கிடக்கு சார். முதல்ல ஊசி போகட்டும்.”

ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தேன். ஊசி போனது. பத்து நிமிஷம் கழித்துத் துணி மாற்றுவதற்காகப் பிள்ளையைத் தூக்கினேன். முதுகுக்கு அடியில், வார்மரின் சூட்டைப் பார்க்கும் ஒயர் கிடந்தது. அது வயிற்றில் ஒட்டியிருக்க வேண்டியது. எண்ணெயில் ஒட்டு நழுவி, ஒயர் முதுகுக்கடியில் போய்க் கதகதப்பாகப் படுத்திருக்கிறது. பிள்ளை சூடாக இருக்கிறது என்று நினைத்து மெஷின் தன் சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பிள்ளைக்குக் கிருமியும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர்தான்.

எண்ணெயைத் துடைத்தேன். ஒயரைத் திரும்ப ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் உதடு சிவந்தது, கால் உதைத்தது, பால் தங்கியது. புது டாக்டர் வந்து பார்த்து, “ஊசி நல்லா வேலை செய்யுது சிஸ்டர்” என்றார். வராந்தாவில் இசக்கி எல்லாரிடமும், “புஷ்பம் சிஸ்டர் ஊசி போட்டாவ, பிள்ளை கண்ணு முழிச்சிட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் மைமூன் முக்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார். “இந்த ஊசி எதுக்கு சிஸ்டர்?”

“பிள்ளை துவண்டுட்டு டாக்டர். சில்லுன்னு ஆயிட்டு, பால் தங்கல. ஊசி போட்டதும் தெளிஞ்சிட்டு.”

“கல்ச்சர் எடுத்தியளா?”

“இல்ல டாக்டர்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. முப்பது வருஷ நரம்பு சிஸ்டர், ஒயர் நழுவியதைப் பார்க்காமல், வேண்டாம் என்ற எண்ணெயைத் தடவிவிட்டு ஊசி குத்தினாள் என்று வார்டு முழுக்கச் சிரிக்குமே என்று நினைத்தேன். சுபா, நீயும் அன்றைக்கு அங்கே நின்றாய். உனக்கு நினைவிருக்காது.

ஊசி உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சரை முழுசாக நம்ப முடியாது. உண்மையிலேயே கிருமி இருந்து, பாதியில் நிறுத்திவிட்டால் ஆபத்து. டாக்டருக்கு வேறு வழியில்லை. ஏழு நாள் போடச் சொன்னார். தினமும் இரண்டு வேளை, தேவையே இல்லாத ஊசியை, தேவையில்லை என்று தெரிந்த ஒரே ஆளான நானே போட்டேன்.

ஊசி நின்ற மூன்றாம் நாள் பிள்ளையின் வயிறு உப்பியது. உடம்பு சாம்பல் பூத்தது. மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினோம். இந்தத் தடவை வார்மர், ஒயர், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் நாலு முறை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கல்ச்சர் எடுத்தேன். தோலை மருந்தால் துடைத்து, தானாகக் காயும் வரை காத்திருந்து, மறுபடி துடைத்து, மறுபடி காத்திருந்து எடுத்தேன்.

லேபிலிருந்து சீட்டு வந்தது. மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்காதோ அதற்கு நேரே ‘ஆர்’ என்று போடுவார்கள். மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று ஓடியது. அடியில் இரண்டே மருந்துகள் மிஞ்சின. ஒன்று கிட்னியைக் கெடுக்கலாம், இன்னொன்று காதைக் கெடுக்கலாம்.

டாக்டர் அறையில் அவர் மட்டும் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், ஒயர், வாயை மூடிக்கொண்டது, எல்லாம். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோட்டுக்குள்ளிருந்த மோதிரத்தை ஊக்கோடு பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கே சொல்லிருந்தா அன்னைக்கே நிறுத்திருப்பேன் சிஸ்டர்.” பிறகு, “நானும் ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாந் தடவை கேட்டிருக்கணும்” என்றார்.

“என்னாலதான் இந்தக் கிருமி வந்துச்சா டாக்டர்?”

“உறுதியாச் சொல்ல முடியாது. அது வார்டுலயே எங்கயாவது இருந்திருக்கும். நாம வீட்டைக் காலி பண்ணிக் கதவைத் திறந்து வச்சிட்டோம். உங்க கையால அதைச் சீட்டுல எழுதுங்க.” எழுதினேன். நான் எழுதிய வரிகளிலேயே அதுதான் சின்ன வரி: ‘பிள்ளை குளிர்ந்திருந்தது, ஊசி தேவையில்லாமல் தொடங்கப்பட்டது.’

பிள்ளையைத் தனி அறைக்கு மாற்றினோம். கிருமி கை வழியாகத்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும். அதனால் அவளைப் பார்க்கும் செவிலி வேறு பிள்ளையைத் தொடக்கூடாது. அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இசக்கியிடம் டாக்டர் இரண்டு மருந்தையும் பற்றி ஒளிக்காமல் சொன்னார். அவன், “பிள்ளை இருந்தாப் போதும் டாக்டர்” என்றான். இரண்டையும் ஆரம்பித்தோம். அந்த நாட்களில் அவளிடம் நான் பேசாத பேச்சில்லை. “ஏட்டி, அருவியில தண்ணி கொட்டுது, ஊரே குளிச்சிட்டுப் போவுது, நீ இங்கன படுத்துக்கிட்டு என்னை மிரட்டுதியா?” என்பேன். மன்னிப்பும் அவளிடம்தான் கேட்டேன். பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துக் கேட்டேன்.

பிழைத்துக்கொண்டாள். பேச்சியும் தேறி வந்து, பால் கொடுத்து, ஒரு நாள் மூன்று பேருமாக ஆட்டோவில் ஏறிப் போனார்கள். செண்பகம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு செய்த சோதனையில் இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. குறைமாதத்தில் பிறந்ததாலும் அப்படி ஆகலாம், மருந்தாலும் ஆகலாம் என்றார் டாக்டர். காதுக்கு மெஷின் கிடைத்தது. பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் பேச்சி தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

ஒவ்வொரு சாரலுக்கும் இசக்கி என் வீடு தேடி ஒரு குப்பி எண்ணெய் கொண்டுவந்து தருவான். “நீங்க அன்னைக்குப் போட்ட ஊசி சிஸ்டர்” என்று கும்பிடுவான். என் அலமாரியில் மூன்று குப்பிகள் திறக்காமல் நிற்கின்றன. டாக்டரிடம் சொன்னேன், சீட்டில் எழுதினேன். இவனிடம் சொல்லவில்லை.

சுபாவின் படம் வந்த மறுநாள் ஐந்தருவிக்குப் போனேன். சொல்வதற்காகப் போனேன் என்று எழுத ஆசைதான். இல்லை, பிள்ளையைப் பார்த்துவிட்டு வரத்தான் போனேன். நல்ல கூட்டம். தார்ப்பாய்க்கு அடியில் இசக்கி எண்ணெய்க் குப்பிகளை அடுக்கி உட்கார்ந்திருந்தான். செண்பகம் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து ரம்புட்டான் பழத் தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் மெஷின் இல்லை. சாரல் பட்டால் கெட்டுவிடும் என்று கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை அவள் மடியில் கொடுத்திருந்தான்.

“மூக்கு ஒழுகுதே” என்றேன்.

“சளிதான் சிஸ்டர். மெடிக்கல்ல சொல்லி நல்ல பவரான மருந்தா வாங்கி ரெண்டு நாளா ஊத்துதேன். எதுக்கும் இருக்கட்டும்னு.”

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“இதுக்குப் போயி அலையணுமா? அன்னைக்கு நீங்க போட்ட ஒரு ஊசிலதானே எந்திரிச்சா. பவர் மருந்துன்னா பயப்படக் கூடாதுன்னு பேச்சிக்கிட்டயும் சொல்லிருக்கேன்.”

நான் அவன் பக்கத்தில் ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமாக நான் மூடிவைத்தது, அவன் கையில் ஒரு மருந்துப் பாட்டிலாக வந்து நிற்கிறது. அதற்குமேல் முடியவில்லை.

“இசக்கி, அந்த ஊசி தேவையே இல்ல. அவ குளிர்ந்துதான் கெடந்தா. ஒயர் நழுவிட்டு. நான் பாக்கல. பாத்த பிறகும் சொல்லல.” ஆரம்பித்ததை முழுதும் சொன்னேன். ஏழு நாள் ஊசியை, அதன் பின்னால் வந்த கிருமியை, அந்தக் கிருமிக்காகப் போட்ட மருந்தை, காதை. எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் சொன்னேன். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எண்ணெய் போன பிறகும் துடைத்தான். ஒருவர் வந்து, “அண்ணாச்சி, தேய்க்கணும்” என்றார். “இப்ப இல்ல” என்று அவரைப் பார்க்காமலே சொன்னான்.

“எண்ணெய் நான் குடுத்ததுலா?” என்றான் கடைசியில்.

“குடுத்த கை உன் கை. தேய்ச்ச கை என் கை. எண்ணெய்மேல தப்பில்ல, உன்மேலயும் இல்ல.”

“மூணு சாரலுக்கு எண்ணெய் கொண்டாந்தேனே சிஸ்டர். ஒரு தடவை சொல்லிருக்கலாம்லா.”

“சொல்லிருக்கணும்.”

பேச்சியிடம் தானே சொல்வதாக இசக்கி சொன்னான். வேண்டாம், நானே வந்து சொல்கிறேன் என்றேன். மருந்துப் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினான். கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசான பொம்பளை நடுக்கூட்டத்தில் விசும்பினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

செண்பகத்துக்கு இதில் ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. அருவிச் சத்தம்கூட அவளுக்கு லேசாகத்தான் கேட்டிருக்கும். ரம்புட்டான் தோலை விட்டுவிட்டு எழுந்து வந்து, என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “ஆச்சி… எதுக்கு… அழுத?” என்றாள்.

காதைத் தொட்டுக் காட்டினேன். “முதல்ல மெஷினை மாட்டு. சொல்லுதேன்.”

டப்பாவைத் திறந்து, வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று என்று அவளே மாட்டிக்கொண்டாள். சாரல் படாமல் இசக்கி தன் துண்டை அவள் தலைக்குமேல் பிடித்தான். அவள் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

“எதுக்கு?” என்றாள் மறுபடியும்.

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.